பீலிப் பக்கத்திலிருந்து இரண்டாவது காம்பரா

திறந்த விண்டோவை மூடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. தோட்டத்து ஆபீசுக்குக் கம்பியூட்டர் வந்த முதல் வருஷத்திலேயே இந்தக் கெட்ட பழக்கம் என்னோடு ஒட்டிக்கொண்டது. கொழும்பில் கழித்துப் போட்ட மெஷின் அது. ஒரு ஃபோல்டரைத் திறக்கச் சொன்னால் மணல் கடிகாரத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடும். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வரலாம். அவ்வளவு பாடுபட்டுத் திறந்ததை எதற்கு மூட வேண்டும், கிடக்கட்டும் என்று விட்டுவிடுவேன். மத்தியானத்துக்குள் முப்பது முப்பத்தைந்து விண்டோ ஒன்றின் மேல் ஒன்றாகத் திறந்து கிடக்கும். திரையின் அடியில் அவற்றின் பெயர்கள் நசுங்கி, முதல் எழுத்து மட்டும் தெரியும். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எனக்குப் பாதை சொல்லத் தெரியாது. இடது பக்கத்திலிருந்து ஆறாவது, அதற்குப் பின்னால் ஒளிந்திருப்பது என்று இடம்தான் சொல்லுவேன்.

மெஷின் அசையாமல் நின்றுவிட்டால் அடிப்பேன். சும்மா சொல்லவில்லை, பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி அடிப்பேன். இரண்டு மவுஸை மேசையில் குத்தியே உடைத்திருக்கிறேன். பக்கத்து மேசையில் இருக்கும் பெரிய கிளாக்கர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்ப்பார்.

"டேய், அது என்னா ஒனக்குப் பொறந்ததா, அந்த அடி அடிக்கிற?" என்பார்.

தோட்டத்து வேலைக்காரர்களின் வரிசை வீட்டில், லயத்திலே பிறந்து, எஹலியகொட டவுனில் ஆறு மாதம் கம்பியூட்டர் கிளாஸ் போய், ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். மரியாதையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அது எங்கே போய் விழும் என்று எனக்கே தெரியாது. அந்த நாட்களில் அது பெரும்பாலும் ஒரே ஆள் மேல்தான் விழுந்தது. அவர் என் அக்காவின் புருஷன்.

மச்சானை விட நன்றாக ரப்பர் பால் வெட்டுகிறவர் எங்கள் தோட்டத்தில் இல்லை. மரத்துக்கு ஒரு காயம் வராமல், நூல் பிடித்ததுபோல் பட்டையைச் சீவுவார். அக்காவை மட்டும் அப்படிப் பதமாக நடத்தத் தெரியவில்லை. குடித்தாலும் அடிப்பார், குடிக்கக் கிடைக்காவிட்டாலும் அடிப்பார். ஒரு நாள் பால் வாளியாலேயே வாயில் அடித்து, அவளுடைய முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. அன்றைக்கு நான் பால் நிறுக்கும் இடத்துக்குப் போனேன். நாற்பது பேர் வரிசையில் நிற்க, பின்னால் போய்ப் பிடரியில் அடித்தேன். அவர் திரும்பிய வேகத்தில் நான் தரையில் கிடந்தேன். நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினார். எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவருடைய மணிக்கட்டைக் கடித்துப் பிடித்துக்கொண்டேன். வாய் முழுக்க அவருடைய இரத்தமும் ரப்பர் பாலின் புளித்த வாடையும். ஆட்கள் வந்து இழுத்துப் பிரித்தபோது, எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"பாத்துக்கிட்டே இருடா, ஒரு நாளைக்கு ஒன்ன இல்லாம ஆக்கிருவேன்!"

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

சண்டை வடக்கில் நடந்தாலும் அதன் பயம் எங்கள் லயம்வரைக்கும் வந்த காலம் அது. கொழும்பில் எங்கேயாவது குண்டு வெடித்தால் மறுநாள் பஸ்ஸில் எங்கள் பையன்களை மட்டும் இறக்கி அடையாள அட்டை கேட்பார்கள். ஒரு நாள் பொலிஸிலிருந்து தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கடிதம் வந்தது. லயம் லயமாக, காம்பரா காம்பராவாக, குடியிருக்கிற எல்லாருடைய பெயரும் போட்டோவும் வேண்டும். துரை தன்னுடைய டிஜிட்டல் கெமராவை என் கையில் கொடுத்தார். பெயர்ப் பட்டியலைப் பெரிய கிளாக்கர் தயார் செய்வது, போட்டோ என் பொறுப்பு என்று ஏற்பாடு.

ஆறு லயம், ஒவ்வொன்றிலும் பத்துக் காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. சனங்களைச் சுவரோடு நிற்க வைத்துப் படம் எடுத்தேன். ஆபீசுக்கு வந்து லயத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் 1 முதல் 10 வரை காம்பராவுக்கு ஒரு ஃபோல்டர் போட்டேன். ஒவ்வொரு குடும்பத்திலும் புருஷன் 1, பெண்சாதி 2, பிள்ளை 3 என்று படங்களுக்குப் பெயர். தெளிவான வேலைதான். பெருமையாகக்கூட இருந்தது.

தப்பு அந்த எண்ணிலேயே இருந்தது. லயத்து ஆட்கள் காம்பராவைப் பீலிப் பக்கத்திலிருந்துதான் எண்ணுவார்கள். தண்ணீர் விழுகிற பீலிக்கு யார் கிட்ட, யார் எட்ட என்பதை வைத்துத்தான் எங்களுக்கு முதல் வீடும் கடைசி வீடும். அக்கா வீடு மூன்றாம் லயத்தில் இரண்டாவது காம்பரா என்று தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ஆபீஸ் சுவரில் தொங்கும் பிளானில் எண் ரோட்டுப் பக்கத்திலிருந்து ஓடுகிறது. அங்கே அது ஒன்பதாவது. வெள்ளைக்காரன் காலத்துப் பிளான், அவனுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற வேலை இல்லையே. அந்த எண்ணை நான் யோசிக்கவே இல்லை. பெரிய கிளாக்கர் டவுனிலிருந்து வந்து போகிறவர், அவர் பெயர்ப் பட்டியலைப் பிளான்படி அடித்து வைத்திருந்தார்.

ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள்தான் அவர் கண்ணில் இது பட்டது.

"பீலியிலேருந்து எண்ணி வச்சிருக்கியே, ஒனக்கு மண்டையில என்னா இருக்கு? பொழுது சாய்றதுக்குள்ள அத்தனையும் திருப்பு. நாளைக்குக் காலையில ஜீப்பு வருது."

சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிற வழியில் அக்காவைப் பார்த்தேன். ஒரு கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. நான் கேட்பதற்கு முன்பே "கீழ விழுந்துட்டேன்" என்றாள். சாப்பிடாமலே திரும்பி வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு லயத்துக்கும் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு, பழையதில் 1-இல் இருப்பதைப் புதியதில் 10-க்கு, 2-இல் இருப்பதை 9-க்கு என்று காப்பி எடுத்துப் போட வேண்டும். ஃபோல்டருக்கு ஒரு விண்டோவாக எல்லாவற்றையும் திறந்தேன். பழைய லயம் 3, புதிய லயம் 3, இரண்டுக்கும் தலையில் ஒரே பெயர். வேறு பெயர் வைக்கவேண்டும் என்கிற புத்தி வரவில்லை. ஒன்றை இழுத்தால் இன்னொன்று முன்னால் வந்து மறைக்கும். மறைத்ததைத் தள்ளினால் எதைத் தள்ளினேன் என்பது மறந்துவிடும். மவுஸைப் பிடித்த கையில் மச்சானுடைய கழுத்து இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஒவ்வொரு ஃபோல்டரையும் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறவன் மாதிரி இழுத்து எறிந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் லயத்தில் பழைய 9-இல் இருந்த குடும்பத்தைப் புதிய 2-இல் போட வேண்டும். நான் பழைய 2-இல் போட்டேன். அதில் அக்கா குடும்பம் இருந்தது. 1, 2, 3 என்ற பெயரில் ஏற்கெனவே படங்கள் இருக்கின்றன, அவற்றை அழித்துவிட்டு இவற்றை வைக்கவா என்று ஒரு பெட்டி வந்து கேட்டது. அன்றைக்கு அந்தப் பெட்டி எத்தனையோ முறை வந்து என் உயிரை எடுத்திருந்தது. எல்லாவற்றுக்கும் ஆம் என்ற பொத்தானை அறைந்தேன். அதோடு மச்சானும் அக்காவும் அவர்களுடைய பிள்ளையும் போனார்கள், அவர்கள் இடத்தில் வேறு குடும்பம் வந்து உட்கார்ந்தது. பிறகு அதையே அக்கா குடும்பம் என்று புதிய 9-க்கு மாற்றினேன். புதிய 2 காலியாக நின்றதைப் பார்த்ததும் எங்கோ விட்டுவிட்டேன் என்று தேடி, பழைய 9-இலிருந்து அதே குடும்பத்தை அங்கேயும் கொண்டுவந்து போட்டேன். பெயருக்கு மேலே படம் ஒட்டி அச்சடித்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் நான் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் நேரத்தில், ஒரு ஜீப்பும் ஒரு ட்ரக்கும் வந்து நின்றன. ஆபீசுக்கு முன்னால் ஆட்கள் கூடி நிற்கும் பெரட்டுக்களத்தைச் சுற்றிவளைத்தார்கள். ஆம்பிளைகள் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, நான் அச்சடித்த தாள்களை ஓர் அதிகாரி கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பெண்கள் மேட்டில் வாளிகளோடு நின்றார்கள். நான் ஆபீஸ் வராந்தாவில் நின்றேன்.

மச்சான் முறை வந்தது. பெயரைச் சொன்னார். அதிகாரி தாளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"மே உம்பத?" இது நீயா என்று சிங்களத்தில் கேட்டு, தாளைத் திருப்பிக் காட்டினார்.

அவருடைய பெயருக்கு மேலே வேறொருவன் முகம். மச்சான் இல்லையென்று தலையை ஆட்டினார். எத்தனையாவது காம்பரா என்று அதிகாரி கேட்டார்.

"தெக்க, சேர்" என்றார் மச்சான். இரண்டு. பிறந்ததிலிருந்து அவர் எண்ணி வந்த எண்.

தாளில் ஒன்பது என்று இருந்தது. பெயரும் முகமும் சேரவில்லை, காம்பராவும் சேரவில்லை. அடுத்தவன் பெயரில் வந்து ஒளிந்திருக்கிறவன் என்று முடிவு கட்ட அவர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தது. துப்பாக்கிக் கட்டையால் முழங்காலுக்குப் பின்னால் ஒருவன் அடித்தான், மச்சான் மண்டியிட்டார். பூட்ஸால் முகத்தில் உதைத்தார்கள். மூக்கு உடைகிற சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது.

எனக்கு முதல் அடியிலேயே விளங்கிவிட்டது. அந்தத் தாளில் இருந்த முகம் யாருடையது, அது எப்படி அங்கே வந்தது, எந்தப் பொத்தான், எந்தப் பிற்பகல், எல்லாம். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அக்காவின் பல்லுக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று என்று உள்ளே ஏதோ ஒன்று ஒவ்வொரு அடியையும் வாங்கி வைத்துக்கொண்டது. நான் கடித்தும் முடியாததை யாரோ செய்து தருகிறார்கள் என்றிருந்தது. ஐந்தாறு அடி இருக்கும். பிறகு மச்சான் ஒரு சத்தம் போட்டார். அது கெட்ட வார்த்தை இல்லை, கெஞ்சல்கூட இல்லை. மாடு விழுகிறபோது வருகிற சத்தம். அதைக் கேட்டுத்தான் நான் ஓடினேன்.

"சேர், ஏக மகே வெரத்த! என் பிழை சேர், போட்டோவை மாத்திப் போட்டது நான்!"

ஒருவன் என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். இன்னொருவன் முழங்காலுக்குக் கீழே உதைத்தான், எலும்பில் பட்டது. அதிகாரி மட்டும் நின்று கேட்டார். ஆளுடைய உண்மையான போட்டோ இருந்தால் ஸ்டேஷனுக்குக் கொண்டு வா, பின்னேரம் நாலு மணிக்குக் கொழும்புக்கு ஏற்றுகிறோம், அதற்குப் பிறகு இங்கே வந்து பயன் இல்லை என்றார். அந்தக் காலத்தில் கொழும்புக்கு ஏற்றினால் ஆள் திரும்பி வருவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். மச்சானைக் கையைப் பிடித்துத் தரையில் இழுத்துப் போய் ட்ரக்கில் எறிந்தார்கள்.

ட்ரக் வளைவில் மறைவதற்குள் லயமே ஆபீஸ் வாசலில் கூடிவிட்டது.

"செஞ்சிட்டியேடா! சொன்ன மாதிரியே செஞ்சிட்டியேடா பாவி!"

ஒரு கல் வந்து கண்ணாடியை உடைத்தது. இன்னொன்று என் தோளில் விழுந்தது. பெரிய கிளாக்கர் என்னை உள்ளே தள்ளிக் கதவைப் போட்டார்.

"தேடுடா. எங்கயாவது இருக்கும். தேடு."

அடையாள அட்டையும் ஆளோடு போய்விட்டது. கல்யாணப் படம் என்று ஒன்றும் அந்த வீட்டில் இல்லை. நல்ல படத்தை நானே அழித்துவிட்டேன். கெமராவிலும் ஒன்றும் இல்லை, ஒவ்வொரு லயமும் முடிந்ததும் துடைத்துவிடுவேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, மச்சானை நான் இரண்டு முறை எடுத்தேன். முதல் முறை எடுக்கிறபோது அவர் என்னைப் பார்த்து அம்மாவை இழுத்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் படம் ஆகாது என்று ஒதுக்கினேன். ஒதுக்கினதை எங்கே போட்டேன்?

கண் மூடியது, பிள்ளை அழுதது, பாதித் தலை வந்தது என்று கழித்த படங்களை எல்லாம் கையில் அகப்பட்ட ஃபோல்டரில் போட்டுவிட்டு மேலே போனவன் நான். பெயர்கூட வைக்காத ஃபோல்டர்கள், நியூ ஃபோல்டர் ஒன்று, இரண்டு, ஐந்து, பதினொன்று. அவற்றுக்குள்ளும் நியூ ஃபோல்டர்கள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். திறந்ததெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. பார்த்ததையே மறுபடி பார்த்தேன். மூட வேண்டும், பார்த்ததை மூடினால்தான் பார்க்காதது தெரியும் என்று அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. திரையின் அடியில் பெயர்கள் நசுங்கிக் கிடந்த பட்டையின் இடது மூலையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, கடைசிப் படம் வரைக்கும் பார்த்து, இல்லையென்று தெரிந்த பிறகு மூடினேன். ஒரு விண்டோவுக்குப் படம் வந்து நிரம்ப ஐந்து நிமிஷம் ஆனது. மத்தியானம் ஆகியும் பாதிகூட முடியவில்லை.

எப்போது வந்தாள் என்று தெரியாது, அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பின்னால் நின்றாள். அழவில்லை, திட்டவில்லை. அவள் மூச்சு விடுவது என் கழுத்தில் பட்டது. அந்த நேரத்தில் மெஷின் உறைந்து நின்றது. கை தானாக ஓங்கியது. ஓங்கிய கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய் இரண்டு தொடைக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டேன். அழுகை வந்தது. மணல் கடிகாரம் போய் மவுஸ் அசைந்தபோது பெரிய கிளாக்கர் "முருகா" என்றார்.

அது நியூ ஃபோல்டர் ஏழுக்குள் இருந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, பல் தெரிய, கழுத்து நரம்பு புடைக்க, நேராக என்னைப் பார்த்துக்கொண்டு மச்சான். மணி மூன்று அடிக்கப் பத்து நிமிஷம்.

அச்சடித்த படமும், கையெழுத்துப் போட்ட கடிதமுமாக, பெரிய கிளாக்கரும் நானும் அக்காவும் த்ரீவீலரில் போனோம். அதிகாரி படத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு ஆளைக் கொண்டுவரச் சொன்னார்.

இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தது யாரை என்று எனக்கும் ஒரு நிமிஷம் தெரியவில்லை. கண் இரண்டும் இருந்த இடத்தில் நீலமாக இரண்டு வீக்கம். மூக்கு இடம் மாறியிருந்தது. உதடு கிழிந்து தொங்கியது. அதிகாரி படத்தைத் தூக்கி அந்த முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"மே எகா நெவெய்."

இவன் அவனில்லை. அவர்களே அடித்து மாற்றிவிட்டு, அவனில்லை என்கிறார்கள்! எனக்கு வந்த கோபத்தில் அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன், பெரிய கிளாக்கர் என் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். அக்கா பிள்ளையை என் கையில் திணித்தாள். யாரையும் கேட்காமல் மூலையில் இருந்த குடத்துத் தண்ணீரில் சேலைத் தலைப்பை நனைத்து, மச்சானுடைய முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். நெற்றி, கன்னம், காது. காய்ந்த இரத்தம் பட்டை பட்டையாக வந்தது. துடைக்கத் துடைக்க ஓர் ஆள் தெரிந்தார், ஆனால் படத்தில் இருந்த ஆள் இன்னும் தெரியவில்லை.

மச்சான் ஒரு கண்ணைக் கஷ்டப்பட்டுத் திறந்தார். பிள்ளையைத் தேடியிருப்பார் என்று நினைக்கிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றவன் நான். என்னைக் கண்டதும் அந்தக் கிழிந்த வாய் ஒரு பக்கம் கோணியது. பல் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அதே பார்வை.

அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஹரி, மூ தமய்" என்றார், சரி, இவனேதான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

வலது கையில் இரண்டு விரல் உடைந்திருந்தது. அவை நேராகக் கூடவே இல்லை, அதற்குப் பிறகு அவரால் பால் வெட்ட முடியவில்லை, தோட்டத்தில் புல் வெட்டுகிற வேலை கொடுத்தார்கள். அக்காவை அடிப்பதும் நின்றுபோனது. அது நல்லதுதானே என்று சிலர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவனை நான் அடித்திருக்கிறேன்.

அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் அவரைக் காம்பராவில் படுக்க வைத்துவிட்டு அக்கா வாசலுக்கு வந்தாள். நான் அங்கேயே நின்றேன். லயம் முழுவதும் என்ன நினைத்தாலும் பரவாயில்லை, இவள் ஒருத்தி நம்பினால் போதும் என்றிருந்தது.

"வேணுமின்னு செய்யலக்கா. ரெண்டு விண்டோவுக்கும் ஒரே பேரு. நா பழசுல போட்டுட்டேன், அது கேட்டுச்சு, நா பாக்காம அமுக்கிட்டேன். சாமி சத்தியமாக்கா."

"ஒன் விண்டோவப் பத்தி எனக்கு என்னாடா தெரியும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "தெரியாமத்தான் செஞ்சிருப்ப. ஆனா அவுங்க அவர அடிக்கறப்போ நா மேட்டுல நின்னேன். அவரப் பாக்க முடியாம ஒன்னயத்தான் பாத்தேன். நீ சிரிச்சுக்கிட்டு நின்ன."

நான் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் என் அக்கா பொய் சொல்கிறவள் இல்லை.